பட்டன் சிப்பாய்

கிட்டுசாமியும் ராமரும் மண்ணரை என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர்கள். சாப்பாட்டு மணி அடித்தால் கட்டிங் மேஜையில் செஸ் போர்டு விரியும். கிட்டுசாமிக்கு வெள்ளைக் காய்தான் வேண்டும். முதலில் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை நகர்த்துவார். அடுத்து அதன் பக்கத்துச் சிப்பாயைத் தள்ளி, சும்மா வெட்டிக்கொள்ளக் கொடுத்துவிடுவார். எதிராளி அதை வெட்டப்போன நேரத்தில் நம் படையை இறக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. சொந்த ராஜாவின் வாசல் திறந்து கிடக்குமே என்று அந்த மனுஷனுக்குக் கவலையே கிடையாது. பெரும்பாலும் தோற்பார். திருந்தினால்தானே!

ராமர் சங்கரன்கோவில்காரர். "ஏலே கிட்டு, எனக்கே பிச்சை போடுதியாலே?" என்று திட்டிக்கொண்டே அந்தச் சிப்பாயை வெட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். ஒருநாள் அப்படியே கொண்டுபோய்த் தொலைத்தும்விட்டார். அன்றிலிருந்து அந்த இடத்தில் ஒரு டி-சர்ட் பட்டன் நின்றது.

போன தை மாதம் ராமருக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. பிழைத்து வந்தார். ஆனால் யாரையும் தெரியவில்லை. மனைவி பாண்டியம்மாளையே, "யாரும்மா நீங்க?" என்று கேட்டார்.

"ஊருக்கே கூட்டிட்டுப் போயிரலாம்னு மகன் சொல்லுதான். ஒங்களையாவது தெரியுதான்னு வந்து பாருங்கண்ணே. தெரிஞ்சா இங்கனயே இருந்துக்கிடுவோம்" என்று அவள் போனில் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை கிட்டுசாமி போர்டோடு போனார். முகம் மறந்தாலும் இந்த ஆட்டம் மறக்காது என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

"ஏனுங்க ராமரு, ஒரு ஆட்டம் போடலாமுங்களா?"

ராமர் சிரித்தார். இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் சிரிக்கும் சிரிப்பு. கிட்டுசாமி ராஜாவின் சிப்பாயை நகர்த்தினார். ராமரின் கை தானாக எழுந்து, தன் சிப்பாயை அதற்கு நேர் எதிரே கொண்டுவந்து வைத்தது. பாண்டியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிட்டுசாமி பட்டனைத் தள்ளினார். ஒருக்கா ஏலேன்னு திட்டு ராமரு, ஒரேயொருக்கா என்று மனசு கெஞ்சியது.

ராமர் பட்டனை எடுத்தார். கை சட்டைப்பை வரைக்கும் போய், அங்கேயே நின்றது. விரலைப் பிரித்துப் பார்த்தார். பிறகு கிட்டுசாமியின் சட்டையைக் கழுத்திலிருந்து கீழே வரை அக்கறையாகத் தேடினார்.

"இந்தாங்க சார், ஒங்க சட்டைப் பட்டன் அந்து விழுந்துட்டு. பத்திரமா வச்சுக்கிடுங்க."

கிட்டுசாமியின் சட்டையில் எல்லாப் பட்டனும் இருந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "சரிங்க" என்றார்.

பாண்டியம்மாள் எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள்.