நஸீறாவின் தட்டு

1938ஆம் ஆண்டு நத்தார்த் திருநாள் முடிந்து நான்கு நாளாகியும் என் கணவர் கொன்ஸ்ரன்ரைனின் வயிற்று உப்பல் தணியவில்லை. காலையில் அரிசிக் கஞ்சி, இரவில் மிளகு இரசம் விட்ட சோறு, இடையில் கொத்தமல்லிக் குடிநீர் என்று கவனமாகவே கொடுத்து வந்தேன். அப்படியிருந்தும் துறைமுகத்து வேலையால் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்துவிடுவார்.

"பக்கத்து வீட்டு வட்டிலப்பம்தான் செலீன். தேங்காய்ப்பால் பழுதாகியிருக்கும்."

நத்தாரன்று அந்த இனிப்பை அனுப்பியவர் நஸீறா. நீலப்பூ விளிம்பிட்ட அவருடைய தட்டு எங்கள் குசினியிலேயே இருந்தது. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் எவரும் தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. எங்கள் கேக்கில் பிராந்தி சேர்வதால் நான் அவருக்கு வாழைப்பழம் வைத்து அனுப்புவதே வழக்கம்.

"இந்த முறை வெறுந்தட்டை அனுப்பு. அவவுக்கு விளங்கும்" என்றார் கணவர்.

அவ்வாறு செய்தால் ஆறு வருடச் சிநேகிதம் அன்றோடு முடிந்துவிடும். அதே வட்டிலப்பத்தை நானும் உண்டேன், எனக்கு ஒன்றுமில்லை. ஆயினும், வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன், மதிலுக்கு மேலால் நஸீறா, "அவருக்கு இப்ப எப்பிடி?" என்று விசாரித்தபோது, கணவருக்குச் சுகமில்லை என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று என் மனம் சந்தேகித்தது.

அன்று மாலை கணவரின் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டும்போது கிராம்பு மணத்தது. பைக்குள் விரலைவிட்டேன். கேக்குத் தூளும் ஒரு முந்திரிகை வற்றலும் வந்தன.

"எங்க சாப்பிட்டனீங்கள்?"

"கஞ்சியைத் தவிர வாயில ஒண்டும் வைக்கேல்ல. மாதாவாணை!"

"அப்ப இது?"

"அது றேமண்ட் வீட்டில தந்தது. நத்தாருக்கு ஒரு வீட்டுக்குப் போனால் கேக்கும் வைனும் எடுக்காமல் வரேலுமே? அது மரியாதை. சாப்பாடே?"

"இண்டைக்கு எத்தினை வீட்டுக்கு மரியாதை செய்தனீங்கள்?"

விரல் மடித்து எண்ணத் தொடங்கியவர் மற்றக் கைக்கும் போய்விட்டார். "ஏழு. சவுந்தரநாயகம் வீட்டில ரெண்டு தரம் தந்தவை."

"நேற்று?"

அவர் சுவரைப் பார்த்தார். "நேற்று இதைவிடக் கொஞ்சம் கூட."

உடனே தட்டு நிறைய வாழைப்பழம் அடுக்கி, கூடையில் வைத்துக்கொண்டு நானே போனேன்.

நஸீறா தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நாலு நாளா தட்டு வரல்ல. ராவெல்லாம் அவரு முனகுற சத்தமும் கேக்குது. என்ட வட்டிலப்பம்தான் கெட்டுப்போச்சோ எண்டு பயந்துட்டேன் புள்ள."

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் வாழைப்பழம் ஒன்று உருண்டு விழுந்தது. "எங்கட மனுசனும் பெருநாளைக்கு இப்பிடித்தான். 'நான் எங்க திண்டேன்' எண்டுவாரு!" என்று, என் வெறுங்கூடையில் இரண்டு கைப்பிடி கொத்தமல்லியைப் போட்டுவிட்டார்.

மறுநாள் மாலை, நான் கேட்காமலேயே கணவர் கோட்டுப் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு தூளும் இல்லை.

"சரி. இனி வாயைத் திறவுங்கோ" என்றேன்.