திரைக்கு இந்தப் பக்கம்

…அதுவும் நான் கேட்க வேண்டிய கேள்வியா, சிறுநீர் தடைப்படுகிறதா, சொட்டுச் சொட்டாகப் போகிறதா என்று, ஆயுள் முழுதும் இலக்கணம் கற்பித்த இந்த வாயால்? ஆனால் என் மகள் இராசமலர் கேட்டால் நோயாளிகள் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள், நேற்று அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு "ஒண்டுமில்லைப் பிள்ளை" என்று எழும்பிப் போய்விட்டார்கள், பெண்பிள்ளையிடம் எந்த ஆண்மகன் இதைச் சொல்வான், ஆகவே அவள் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து எழுதுவாள், நான் முன்னால் கதிரையிலிருந்து கேட்பேன் என்று ஏற்பாடு. கலாநிதிப் பட்டத்துக்கான ஆராய்ச்சியாம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு வெட்டுப்புள்ளியைக் கூட்டிவைத்த தரப்படுத்தலையும் தாண்டி மருத்துவபீடம் போனவளுக்கு, பெற்ற தகப்பன் ஆஸ்பத்திரியில் இந்த வேலை பார்க்க வேண்டுமென்று எந்தப் பல்கலைக்கழகம் விதித்தது? கேள்விகளோ கொழும்பில் யாரோ மொழிபெயர்த்தவை, எழுவாய்க்கும் பயனிலைக்கும் உறவே இல்லாதவை, திருத்துவதற்கென்று அவற்றை முதன்முறை வாசித்தபோதுதான்… வேண்டாம், அந்த நினைப்பு இப்போது வேண்டாம். நிமிர்ந்து இருக்க வேண்டும். சாய்ந்தால் இடுப்பில் அந்த நோ தொடங்கிவிடும், தொடங்கினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டுக்கொண்டே விளக்கினாள், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் முன்னிற்கும் சுரப்பியில் பிடிக்கும் புற்று ஏன் அங்கேயே நில்லாமல் முள்ளந்தண்டுக்குத் தாவுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி, அவ்விடத்து நாளங்களில் வால்வுகள் இல்லையாம், இருமினாலும் முக்கினாலும் இரத்தம் பின்னோக்கி எலும்புக்குள் போகுமாம், நோ முதலில் எங்கே தொடங்கியது என்று நோயாளி சொன்னால் புற்று போன வழியைக் கண்டுகொள்ளலாமாம். நான் இருமலை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தேன். வேறொருவன் மகளென்றால் வாதக் குத்து, எண்ணெய் பூசினால் போய்விடும் என்று சொல்லிவிடலாம், அவளும் நம்பிவிடுவாள். என் மகளுக்கோ அடுத்தது எந்த எலும்பு என்பதும் தெரியும், அதற்கடுத்தது எது என்பதும் தெரியும். அப்படித் தெரிந்தவளிடம் என்னவென்று சொல்வது? புதன்கிழமை பல்கலைக்கழகம் திரும்பும் அவளைக் கண்டி பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும், ஆராய்ச்சி முடியட்டும், அதன்பிறகு… அதன்பிறகு என்றொரு காலம் எனக்கு உண்டா?

முன்னால் வந்து அமர்ந்திருப்பவர் ஸெய்னுதீன், கருவாட்டு வியாபாரி, கிண்ணியாவிலிருந்து பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித் துறை கடந்து வந்தவர். இடுப்பில் நோ உண்டா? "ஓம் மாஸ்டர், இருக்குது." எப்போது கூடும்? கூரையைப் பார்க்கிறார், தாடியைத் தடவுகிறார், விடை தெரியாத மாணவனைப் போல விழிக்கிறார், எனக்கோ காத்திருக்கும் பொறுமை ஒருநாளும் இருந்ததில்லை, அடியெடுத்துக் கொடுத்தால்தானே பையன்கள் மிச்சத்தைச் சொல்வார்கள், "படுத்தால் கூடும், அப்பிடித்தானே? புரண்டு படுக்க ஏலாது, இருமினால் நடுமுள்ளில ஊசி ஏத்தினது மாதிரி, பிறகு இடது தொடை வழியாய் இறங்கி, கால் விறைச்சு, நிலம் மிதிபடுதோ எண்டே தெரியாமல்…"

ஸெய்னுதீன் சிரித்துவிட்டார். "அல்லாவே! எனக்கு அப்பிடி ஒண்டுமில்ல மாஸ்டர், மூட்டை தூக்கினாத்தான் நோகும். கேள்வியையும் கேட்டு மறுமொழியையும் நீங்களே சொன்னா, நான் என்னத்துக்குப் பாதையேறி வந்தனான்?"

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதி ஓய்கிறது. திரைக்குப் பின்னால் பேனாச் சத்தம் இல்லை. இவருடைய சிரிப்பும் பாதியில் நின்றுவிட்டது, என் முகத்தில் எதைக் கண்டார், ஏன் இப்படிக் குனிந்து, "மாஸ்டர்… உங்களுக்கோ?" என்று கேட்கிறார்? "அடுத்த கேள்வி!" என்று அதட்டுகிறேன், கேள்வி எது என்று தெரியவில்லை, எழுத்தெல்லாம் கலங்குகிறது.

"அப்பா, இடது தொடையெண்டோ சொன்னீங்கள்?"

அதே குரல், நோயாளிகளிடம் பேசும் அதே நிதானம், ஏறவுமில்லை, இறங்கவுமில்லை, அதை அவளுக்கு யார் கற்பித்தார்கள், நான் கற்பிக்கவில்லை. ஓம் என்று சொன்னால் அதையும் எழுதுவாளா? சீலையின் கீழே அவளுடைய செருப்புகள் தெரிகின்றன, எழுந்துவிட்டாள், ஓரடி எடுத்து வைத்தால் இந்தப் பக்கம், வைக்கவில்லை, ஏன் வைக்கவில்லை, என் முகத்தைப் பார்க்கப் பயந்தா, அல்லது தன் முகத்தை நான் பார்த்துவிடுவேன் என்றா…