ஆராய்ச்சிக்குப் போகும் முகம்

டீச்சருக்கு லூபஸ். காவலுக்கு வைத்த ஆளே வீட்டைச் சூறையாடுகிற மாதிரி, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற நோய். இந்த நோய் உள்ள பெரியவர்களையும் குழந்தைகளையும் வருடக்கணக்கில் கவனித்துவரும் ஓர் ஆராய்ச்சியில் அவள் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறாள். அவ்வப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் நோயால் கன்னத்தில் வரும் சிவந்த தடிப்பைப் போட்டோ எடுப்பார்கள்.

போட்டோ எடுக்கிறார்கள் என்றால் சும்மா போக முடியுமா? தடிப்பு துளியும் தெரியாதபடி பவுடரை அப்பிக்கொண்டுதான் போவாள். டாக்டர் விசாரித்தால், "ஜம்முனு இருக்கேன் டாக்டர்!" என்பாள். இல்லாவிட்டால் மாத்திரையைக் கூட்டுவார், முகம் பூசணிக்காயாக ஊதிவிடும். அந்த அப்பாவி மனிதரும் மருந்து வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சியாக அவள் முகத்தைத் திரையில் போட்டு ஊர் ஊராகக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நம்ம ஆராய்ச்சிக்கே நீங்கதாம்மா நட்சத்திரம்!"

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

போன வருடம் அதே நோய் பத்து வயது மகளுக்கும் வந்து, அவளும் குழந்தைகள் பிரிவில் சேர்ந்தாள். அழுவதில்லை, அடம்பிடிப்பதில்லை. தங்கமான பிள்ளை என்று நர்சுகள் கொண்டாடினார்கள். காலையில் மகளுக்கு ஷூ ஏன் இறுக்குகிறது என்று மட்டும் டீச்சருக்குப் புரியவில்லை. கால் வளர்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று ஆஸ்பத்திரி பாத்ரூமுக்குள் போன பிள்ளையைக் காணோமே என்று டீச்சர் கதவைத் தள்ளினாள். மகள் யூரின் டப்பாவைக் குழாயடியில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"ஒரே நுரையா வருதும்மா. தண்ணி கலந்தா தெரியாது."

"எத்தனை நாளா?"

"எப்பவுமே இப்படித்தான். டாக்டர் பார்த்தா மாத்திரையைக் கூட்டுவாரே. நீ பவுடர் போடுறல்ல?"

நுரை வந்தால் கிட்னி கெடுகிறது என்று டீச்சருக்குத் தெரியும். இறுக்கியது ஷூ இல்லை, வீங்கியது கால். டப்பாவைக் கொட்டினாள். அதே குழாயில் தன் முகத்தையும் தேய்த்துக் கழுவினாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா நீங்க?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். தண்ணீர் கலக்காத யூரினைச் சோதித்ததில், கிட்னி அடிவாங்கத் தொடங்கியிருந்தது. இப்போதே மருந்தைக் கூட்டினால் காப்பாற்றிவிடலாம் என்றார். டீச்சர் வாய்விட்டு அழுதாள்.

டாக்டர் புதுத்தாள் ஒன்றை எடுத்தார். "சரி, இப்ப சொல்லுங்க. நீங்க எப்படி இருக்கீங்க?"

"ஜம்முனு..." என்று வாய் தானாகவே ஆரம்பித்தது.

மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இல்லை டாக்டர்" என்றாள் டீச்சர்.