முன் நீளம், பின் நீளம்

பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்த காலத்தில் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கம்பம். பெயர் வைத்தவர்களைக் கண்டுபிடித்து வெயிலில் நிறுத்தினார் என்றாலும், பெயர் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. முதுகு வளைந்த மனிதனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பேருந்து நிறுத்தத்தில் கூன் போட்டு நின்ற முன்பின் தெரியாத ஆளிடம்கூட, "நெஞ்சை நிமித்துங்க சார்" என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போது கம்பம் வளைந்துவிட்டது. ஊருக்கே தெரிந்த இந்தச் செய்தி அவருக்கு மட்டும் எட்டவில்லை. தையல்காரியான அவர் மகளுக்கு அது சட்டையில் தெரிந்தது. முன்பக்கம் தொடைவரை தொங்கியது, பின்பக்கம் இடுப்புக்கு மேலே ஏறி நின்றது. "புதுசா அளவெடுத்துத் தச்சுத் தரேம்பா" என்றால், "சட்டை சரியாத்தான் இருக்கு. துணி சுருங்கிடுச்சு" என்பார். பின்பக்கம் மட்டும் சுருங்கும் துணியை அவள் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

அவர் மல்லுக்கு நின்றது சட்டைக்காக அல்ல, மாடி அறைக்காக. மனைவி போன பிறகு அவருக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். ஒரு கட்டில், ஒரு ரேடியோ, தெரு முழுவதும் தெரிகிற ஜன்னல். போன வருடம் படிக்கட்டில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா கட்டில் கீழ வந்துடும்பா."

சரி என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் விழவில்லை. அதாவது, யாரும் பார்க்க விழவில்லை.

பகலில் மகள் உள்ளறையில் தையல் மெஷினோடு இருப்பாள். மருமகன் வேலைக்குப் போய்விடுவார். கூடத்தில் அவரும் பேத்தியும் மட்டும். பேத்தியை எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். அது நடக்கப் பழகிக்கொண்டிருந்தது. காலை அகட்டி, இரண்டு கையையும் தூக்கி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே தள்ளாடும். பார்க்கப் பார்க்க அவருக்கு எரிச்சலாக வந்தது. காரணம் தெரியாமல் இல்லை. அவரும் இப்போது காலை அகட்டித்தான் நடக்கிறார், திரும்பும்போது சுவரைத் தேடுகிறார். வாண்டு தினம் ஒரு பிடியை விட்டுக்கொண்டு வந்தது, அவர் தினம் ஒரு பிடியைச் சேர்த்துக்கொண்டு போனார்.

விழுவதில்தான் வித்தியாசம். அது பொத்தென்று உட்கார்ந்து அழுது ஊரைக் கூட்டும். அவர் காதும் காதும் வைத்த மாதிரி காரியத்தை முடிப்பார். குப்புறப் புரண்டு, முழங்காலில் ஊர்ந்து, நாற்காலியைப் பிடித்து எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, உள்ளறைக் கதவை ஓரக்கண்ணால் பார்ப்பார். "என்னப்பா சத்தம்?" என்று மெஷினை நிறுத்தாமலே மகள் கேட்டால், "ஒண்ணுமில்லமா" என்பார். வாண்டு விரல் சப்பிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். பேச்சு வராத சாட்சியைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடத்தில் இருந்தபோது வாண்டு முதல் தடவையாகப் பிடியை விட்டு நடந்தது. மருமகன் படம் பிடிக்கப் போனைத் தேடினார். அதற்குள் விழுந்துவிட்டது. மகள் பதறி எழுந்தாள்.

குழந்தை அழவில்லை. குப்புறப் புரண்டது. முழங்காலில் ஊர்ந்து நாற்காலியைப் பிடித்து எழுந்தது. முழங்காலைத் தட்டிவிட்டது. பிறகு உள்ளறைக் கதவை ஓரக்கண்ணால் பார்த்து, "ஒண்ணுல்ல" என்றது.

மருமகன் விழுந்து விழுந்து சிரித்தார். "இதை எங்க கத்துக்கிச்சு? மாமா, உங்க டிரில்லா?"

மகள் சிரிக்கவில்லை. குழந்தை பார்த்த கதவைப் பார்த்தாள், அப்புறம் அப்பாவைப் பார்த்தாள்.

எத்தனையோ பிள்ளைகளை ஒரே முறைப்பில் வாயடைக்க வைத்தவருக்கு, அந்தப் பொடிசை முறைக்கக்கூடத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. கூடவே, ஒரு பிசகும் இல்லாமல் எழுந்துவிட்டதே என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"எத்தனை தடவைப்பா?"

"ஒண்ணுமில்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். குழந்தையைப் பார்த்தார். "கீழ ஜன்னல் பக்கமா போடச் சொல்லும்மா," என்றார். "கட்டிலை."

மகள் உள்ளே போய் அளவு நாடாவோடு வந்தாள். அவர் கையூன்றி எழுந்து, மூச்சை இழுத்து, நெஞ்சைத் தள்ளி விறைத்து நின்றார்.

"நிமிர வேண்டாம்பா. சும்மா நிக்கிற மாதிரி நில்லுங்க."

பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். தோள் இறங்கியது, தலை முன்னால் வந்தது, முதுகு அதன் வளைவுக்குத் திரும்பியது. மகள் நாடாவைக் கழுத்தில் வைத்து, அந்த வளைவின் மேலேயே இடுப்புவரை இழுத்தாள்.

"பின்னாடி நல்லா நீளம் விடணும்," என்றாள்.

"முன்னாடி?"

"முன்னாடி குறைச்சுக்கலாம்பா."