நாலாயிரத்துக்குள் ஒரு ஹெட்போன்

என் ஹெட்போனின் இடது பக்கம் செத்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வலது பக்கம் கணீரென்று பேசும். இடது பக்கம் கிணற்றுக்குள்ளிருந்து பேசும். தலைப்பட்டை உடைந்து கறுப்பு டேப் சுற்றியிருந்தது. காது மெத்தையின் தோல் உரிந்து, சாயங்காலம் முகம் கழுவும்போது கன்னத்திலிருந்து செதில் செதிலாக வரும். இப்படி ஒரு பொருளைச் சந்தேகப்படாமல் வேறு யாரைச் சந்தேகப்படுவது?

என் வேலையே கேட்பதுதான். காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களை ஓர் அதிகாரி உட்காரவைத்து விசாரிப்பார். வண்டி எப்படி மோதியது, வீட்டுக்குள் தண்ணீர் எப்படி வந்தது, அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள். அந்தப் பதிவு எங்கள் அலுவலகத்துக்கு வரும். நான் அதைக் கேட்டு, பேசியதைப் பேசியபடியே தட்டச்சு செய்வேன். அதிகாரிக்கு ஒரு மைக், மனுதாரருக்கு ஒரு மைக். ஹெட்போனில் அதிகாரி இடது காதில் வருவார், மனுதாரர் வலது காதில் வருவார். பல வருடங்களாக இப்படி இரண்டு பேர் என் தலைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

கேட்காத இடத்தில் 'தெளிவில்லை' என்று போட வேண்டும். ஊகித்து எழுதக் கூடாது. நான் ஊகிப்பதில்லை. வம்பெல்லாம் அதனால்தான்.

இத்தனை வருடம் கேட்டதில் மனிதர்களைப் பற்றி எனக்கு ஒரு முடிவு ஏற்பட்டிருந்தது. மனுதாரர்கள் வாயைத் திறந்து பேசுவார்கள். அதிகாரிகள் மென்று முழுங்குவார்கள். கேட்கிற கேள்வியில் நியாயம் இருந்தால் எதற்கு முணுமுணுக்க வேண்டும்? பணம் கொடுக்க மனசில்லை, அவ்வளவுதான். இதை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு விருந்தில் பக்கத்து நாற்காலியில் இருந்த காப்பீட்டு அதிகாரியிடமே சொன்னேன். அவர் ஏதோ பதில் சொன்னார். அவரும் மென்றுதான் முழுங்கினார்.

அன்றைக்கு மேற்பார்வையாளர் என் மேசைக்கு வந்து நின்றாள். என்னைவிடச் சின்னவள், கெட்டவளும் இல்லை.

"உங்க ஃபைல் எல்லாம் திரும்பி வருது மேடம். அதிகாரி பேசுறது பூரா 'தெளிவில்லை', 'தெளிவில்லை'ன்னே இருக்கு. மத்தவங்களுக்கு நல்லாத்தானே கேக்குது?"

"மத்தவங்க ஊகிச்சு எழுதுறாங்க."

"ஒரு அதிகாரி ஃபோன் பண்ணி, 'நான் என்ன ஊமையா'ன்னு கேக்குறாரு."

"ஹெட்போன் போயிடுச்சு," என்றேன்.

"அப்ப மாத்திடுங்க. கம்பெனி குடுக்காது, நீங்கதான் வாங்கணும். அடுத்த மாசமும் இப்படியே வந்தா உங்களை விலாசம் திருத்துற பிரிவுக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

விலாசம் திருத்தும் பிரிவு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. சம்பளம் பாதி. கதவு எண்ணுக்கு அப்புறம் கமா இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

வீட்டில் நாலாயிரம் இருந்தது. அது ஃப்ரிட்ஜுக்காக எடுத்துவைத்தது. ஃப்ரிட்ஜ் கதவு தானாக மூடாது. ஒரு மர நாற்காலியை முட்டுக் கொடுத்துவைத்திருக்கிறோம். நாலாயிரத்துக்கு ஹெட்போன் வாங்கினால் நாற்காலி அங்கேயே இருக்கும். நாற்காலிக்கு ஆட்சேபணை இருக்காது என்று நினைத்தேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பொருள் வாங்க வேண்டுமென்றால் எல்லோரும் 'விமர்சன'த்திடம்தான் போவார்கள். என் வலது பக்க இருக்கையில் இருக்கிற தம்பிக்கு நாங்கள் வைத்த பெயர் அது. பத்துப் பேர் எழுதிய விமர்சனத்தைப் படிக்காமல் ஒரு சீப்புகூட வாங்க மாட்டான். இடது பக்கம் எனக்குச் சுவர்.

"பட்ஜெட் எவ்வளவுக்கா?"

"நாலாயிரம்."

துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். "பரவால்லக்கா. மனசைத் தளர விடாதீங்க."

அதற்கப்புறம் ஒரு வாரம் என்னை அவன் விடவில்லை. வயர் இல்லாதது வேண்டாம் என்றான். நாங்கள் காலால் ஒரு பெடலை மிதித்துப் பதிவை நிறுத்துவோம், ஓட்டுவோம். வயர் இல்லாவிட்டால் மிதித்துக் கொஞ்சம் கழித்துத்தான் குரல் ஆடி அசைந்து வருமாம். இரைச்சலைத் தடுக்கிற வகையும் வேண்டாமாம். இந்த விலையில் அது இரைச்சலை விட்டுவிட்டு ஆளைத் தடுத்துவிடுமாம். காதை முழுதாக மூடுகிற, வயர் வைத்த, மெத்தை மாற்றக்கூடிய ஒன்று மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு இருக்கிறது, அதுதான் உங்களுக்கு என்று ஒருவழியாகத் தீர்ப்புச் சொன்னான்.

"பழையதுக்கே மெத்தையும் வயரும் மாத்தினா?" என்று கேட்டேன்.

"அறுநூறு ஆகும். ஆனா இடது பக்கம் உள்ள ஸ்பீக்கரே போயிருந்தா அறுநூறும் தண்டம். போகலைன்னா நாலாயிரம் தண்டம்."

"எது போயிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அதைப் பத்தி யாரும் எழுதலைக்கா."

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் வீட்டு சோபாவில் இடது மூலை அவருடையது; ஃபோன் சார்ஜ் போடுகிற பிளக் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, ஹெட்போன் இடது பக்கம் போயிடுச்சு. அந்த நாலாயிரத்தை எடுக்கட்டுமா?"

அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார். வழக்கம்போல மென்று முழுங்கினார். சரி, எடுத்துக்கொள் என்கிறார் என்று நானே வைத்துக்கொண்டேன்.

அவர் முன்பு இப்படி இல்லை. கல்யாணம் ஆன புதிதில் எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் என்ன சத்தம் போடுகிறது, யார் உள்ளே மாட்டிக்கொண்டு எப்படி அழுதார் என்று அத்தனையும் சொல்வார். சில வருடங்களாக அது போய்விட்டது. எதிரில் நின்றால் பேசுவார். சாவி எங்கே, கேஸ் தீர்ந்துவிட்டது, வாசலில் யாரோ நிற்கிறார்கள். ஆற அமர உட்கார்ந்து ஒரு பேச்சு? கிடையாது. "வாய்க்கு என்ன பூட்டா?" என்று நானும் கத்தியிருக்கிறேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு வயசுக்கு மேல் ஆண்கள் கடையைச் சாத்திவிடுவார்கள் என்று இதிலும் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

சனிக்கிழமை பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சின்னக் கடை, மூன்று சுவரிலும் பெட்டி. கண்ணாடி போட்ட கடைக்காரர் விமர்சனம் சொன்ன மாடலையே எடுத்துக் கொடுத்தார். சோதனைக்கு ஒரு பதிவு வைத்திருந்தார். அதில் ஒரு பெண் 'இடது' என்பாள், அது இடது பக்கம் வரும். 'வலது' என்பாள், அது வலது பக்கம் வரும். வேறொன்றும் சொல்ல மாட்டாள். நிம்மதியான உத்தியோகம்.

மாட்டிக்கொண்டேன். 'வலது' என்றாள். கணீரென்று இருந்தது. இடது பக்கம் என்னவோ சொன்னாள்.

"இதுல இடது பக்கம் சரியில்ல. வேற குடுங்க."

இன்னொன்று கொடுத்தார். அதிலும் இடது பக்கம் சரியில்லை. மூன்றாவதாக, என் பட்ஜெட்டுக்கு நாலு மடங்கு விலையுள்ள ஒன்றைக் கொடுத்தார். அதில் வலது பக்கத்துப் பெண் என் மூளைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தாள். இடது பக்கத்துப் பெண் அடுத்த தெருவில் இருந்தாள்.

எனக்கு வந்ததே கோபம். "உங்க கடைச் சரக்கு பூரா இப்படித்தானா? பதினாறாயிரத்துக்கு விக்கிற பொருள்லயும் இடது பக்கம் மென்னு முழுங்குது! ஆளைப் பார்த்து ஏமாத்துறீங்களா?"

அவர் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தன் காதில் மாட்டிக் கேட்டார். அவசரமே படவில்லை. பிறகு முதலாவதை என்னிடம் நீட்டினார்.

"திருப்பி மாட்டிப் பாருங்கம்மா. இடதை வலது காதுல, வலதை இடது காதுல."

"எதுக்கு?"

"சும்மா பாருங்க."

திருப்பி மாட்டினேன். என் வலது காதில் அந்தப் பெண் கணீரென்று, 'இடது' என்றாள்.

இடது காதில் ஏதோ முணுமுணுத்தாள். அது 'வலது' என்பதாகத்தான் இருக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்தது இரண்டே வார்த்தை. கழற்றினேன். நேராக மாட்டினேன். மறுபடி திருப்பி மாட்டினேன். கடைக்காரர் அடுக்கியிருந்த பெட்டிகளையே திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது ஹெட்போன் சமாச்சாரம் இல்ல."

"தெரியுது."

"காது டாக்டர் ஒருத்தர்…"

"தெரியுதுன்னு சொல்றேன்ல!"

பயமாக இருந்தது. கோபப்படுவதற்கு வேறு ஆள் தேடினேன். கடையில் என்னையும் அவரையும் விட்டால் யாரும் இல்லை. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் நின்று விமர்சனத்துக்கு ஃபோன் செய்தேன். ஃபோனை வலது காதில் வைத்திருந்தேன். எப்போதும் அங்கேதான் வைக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இடது காதுக்கு மாற்றிப் பார்த்தேன். விமர்சனம் அதிகாரி ஆகிவிட்டான். சட்டென்று மாற்றிக்கொண்டேன்.

"தம்பி, ஒரு காதுதான் நல்லாக் கேக்குதுன்னா இந்த வேலையைச் செய்ய முடியுமா?"

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான்."

"கம்ப்யூட்டர்லயே ஒரு செட்டிங் இருக்குக்கா. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக் கலந்து குடுத்துடும். ஒரு டிக் போட்டாப் போதும். திங்கக்கிழமை நானே போட்டுத் தரேன்."

"எவ்வளவு ஆகும்?"

"அது சும்மாதான்."

"சும்மாவா?"

"ஆமாக்கா." குரல் கம்மியது. "அப்ப அந்த மூவாயிரத்துத் தொள்ளாயிரம் வாங்கலையா?"

"வாங்கல."

"சரிக்கா. நீங்க நல்லா இருந்தாப் போதும்."

அங்கேயே இன்னொரு ஃபோன் செய்து, செவ்வாய்க்கிழமைக்குக் காது டாக்டரிடம் நேரம் வாங்கினேன். வேலைக்கு ஆபத்தில்லை. நாலாயிரம் டாக்டருக்குப் போகும். ஃப்ரிட்ஜுக்கு நாற்காலி நிரந்தரம். எல்லாம் சரியாகத்தான் முடிந்திருந்தது.

அப்படியென்றால் அதிகாரிகள் முணுமுணுக்கவில்லை. நன்றாகத்தான் பேசியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோர் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்க என்னிடம் பஸ் காசு இல்லை. போகட்டும், அவர்களுக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் எங்கள் வீட்டு சோபா ஞாபகத்துக்கு வந்தது. அதற்கப்புறம் என்னால் உட்கார முடியவில்லை. இடம் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

அவர் இடது மூலையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்க."

"ஏன்?"

"தள்ளுங்கன்னா தள்ளுங்க."

தள்ளினார். நான் பிளக் பக்கத்து மூலையில் போய் உட்கார்ந்தேன். இப்போது அவர் எனக்கு வலது பக்கம் இருந்தார்.

"என்ன, ஹெட்போன் வாங்கலையா?" என்றார். டிவி சத்தத்துக்கு நடுவிலும் ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது.

"ஹெட்போன்ல ஒண்ணுமில்ல. காதுதான் போயிருக்கு. இடது காது."

அவர் டிவியை நிறுத்தினார். என் இடது காதை எட்டிப் பார்த்தார், ஏதோ வெளியிலிருந்து பார்த்தால் தெரியும் என்பதுபோல.

"அன்னைக்கே சொன்னேனே, மொதல்ல திருப்பி மாட்டிப் பாரு, அப்புறம் காசை எடுன்னு. கோளாறு எங்கன்னு தெரியலைன்னா நாங்க அப்படித்தான் மாத்திப் போட்டுப் பார்ப்போம்."

"எங்க உக்காந்து சொன்னீங்க?"

"இங்கதான்," என்று நான் உட்கார்ந்திருந்த மூலையைக் கையால் காட்டினார். காட்டிய கை அப்படியே நின்றது.

"உனக்குக் கேக்கலையா?"

"இல்ல."

"நீ பதில் சொல்லல. கோவமா இருக்கேன்னு நெனச்சேன்."

"அதுக்கு முன்னாடியெல்லாம்?"

"அப்பவும் கோவம்னுதான் நெனச்சேன். நீ கோவக்காரிதானே."

"வேற என்னெல்லாம் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு? லிஃப்ட் கதைதான்."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

ரிமோட்டைக் கீழே வைத்தார். திரும்ப எடுத்தார். "என்கூட வேலை பார்த்தாரே, மீசைக்காரர். அவர் லிஃப்ட் மேலேர்ந்து குழிக்குள்ள விழுந்தாரே."

எனக்கு ஞாபகம் இருந்தது. இரண்டு காலும் முறிந்து நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"அந்த வாரம் இங்க உக்காந்து உங்கிட்ட சொன்னேன். லிஃப்ட் மேல ஏறி நின்னா எனக்குக் கால் நடுங்குதுன்னு. வேற வேலை ஏதாவது பார்க்கட்டுமான்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லல. துணி மடிச்சுக்கிட்டு இருந்த. சரி, பேசாம வேலையைப் பாருன்னு நீ சொல்றேன்னு எடுத்துக்கிட்டேன்."

சமையலறையில் நாற்காலி நகர்ந்து ஃப்ரிட்ஜ் கதவு திறந்துகொண்டது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன், அழுதால் மூக்கு அடைத்து இருக்கிற காதும் மந்தமாகிவிடும்.

"இப்பவும் நடுங்குதா?" என்று கேட்டேன்.

"தினமும்தான்," என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். தெளிவாகக் கேட்டது.