வாசல் மூக்கண்டப்பள்ளி

நான் சேர்ந்த அன்று எங்கள் அணியின் புக்மார்க் பட்டியலில் நூற்றுப் பதினேழு பெயர்கள் இருந்தன. அவற்றில் 'இங்க' என்று ஒன்பது. 'இங்கயேதான்' என்று நான்கு. 'புதுசு', 'புதுசு 2', 'பழைய புதுசு' என்று ஒரு கூட்டுக் குடும்பம். 'முத்துக்குமார் செத்த இடம்' என்று ஆறு. ஆறும் வெவ்வேறு இடங்கள். முத்துக்குமார் அவ்வளவு திறமைசாலி.

இது கம்ப்யூட்டரில் ஆடும் விண்வெளி விளையாட்டு. ஆளுக்கொரு கப்பல். ஒரு நட்சத்திர மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் உண்டு. யாராவது தேடிக் கண்டுபிடித்து, அந்த இடத்தைக் குறித்து, ஒரு பெயர் வைத்துப் பொதுப் பட்டியலில் போட வேண்டும். மற்றவர்கள் அந்தப் பெயரை அழுத்தினால் கப்பல் நேராக அங்கே போய் நிற்கும். பெயர் குழப்பினால் எதிரியின் மடியில் போய் உட்கார வேண்டியதுதான்.

நானோ முப்பத்தோரு வருடம் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸை ஆண்டவள். பதினெட்டாயிரம் வகை உதிரிபாகங்கள். ரேக், தட்டு, பெட்டி என்று நான் ஒட்டிவைத்த லேபிள்களைப் பார்த்து, ஆடிட்டுக்கு வந்த ஜப்பான்காரர் ஒருவர் கண்ணீரே விட்டுவிட்டார். தூசி அலர்ஜி என்று சிலர் சொன்னார்கள். பொறாமை.

ஓய்வு பெற்ற மூன்றாம் நாளே வீட்டு மசாலா டப்பாக்களுக்கெல்லாம் எண் போட்டு முடித்துவிட்டேன். அடுத்து என்ன என்று கை பரபரத்துக்கொண்டிருந்தபோதுதான், அதே கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் லைனில் இருக்கும் மாதேஸ்வரி என்னைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டாள். பதினான்கு பேர் கொண்ட அணிக்கு அவள்தான் தலைவி. கம்பெனி பஸ் ஓட்டும் ரத்தினவேல் வழி தேடுகிறவர். முத்துக்குமார் சாகிறவர்.

மண்டலங்களுக்கு விளையாட்டு வைத்திருக்கும் பெயர்கள் வெறும் எழுத்தும் எண்ணுமாக வண்டி நம்பர் போல இருக்கும். அதனால் எங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்துக்கொண்டோம். நாங்கள் குடியிருந்த மண்டலம் கல்லாவி. எதிரிக் கும்பல் இருந்தது, மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரின் பெயரில், அத்திப்பள்ளி. அவர்கள் கன்னடத்தில் திட்டுவார்கள், நாங்கள் தமிழில் திட்டுவோம், இரண்டு பக்கமும் நன்றாகவே புரியும்.

அந்தக் கும்பல் கல்லாவியைக் கண்டுபிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்துகொண்டு, மூக்கண்டப்பள்ளி என்று பெயரிட்ட புது மண்டலத்துக்குப் போயாக வேண்டும். மாற்ற வேண்டியது ஒரே ஒரு கப்பல். மாதேஸ்வரியின் சரக்குக் கப்பல். எட்டு மாதம் தாது வெட்டி, உருக்கி, பாகம் பாகமாக அவள் கட்டியது. பதினான்கு பேருடைய சொத்தும் அதன் வயிற்றுக்குள். நிஜமாகவே சூளகிரி மலை அளவுக்கு இருக்கும். சரி, பாதி மலை. இந்த விளையாட்டில் உடைந்த கப்பல் திரும்பக் கிடைக்காது.

"இது போச்சுன்னா நான் மூடிட்டுப் போயிருவேன் அக்கா," என்றாள் மாதேஸ்வரி. "இன்னொரு எட்டு மாசம் என்னால ஆவாது. அணியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"பட்டியலை என்கிட்ட விடு," என்றேன்.

புதன்கிழமை சட்டம் போட்டேன். இனி 'இங்க' கிடையாது. செத்தவர் பெயர் கிடையாது. முதலில் அது என்ன என்று வர வேண்டும்: வாசல், மறைவிடம், ஆபத்து. அதன்பின் எங்கே போகிறது என்பது. அவ்வளவுதான், படிக்கிறவன் அரை நொடியில் படித்து அழுத்த வேண்டும். குழுவில் போட்டதும் எல்லோரும் முனகினார்கள். முத்துக்குமார் மட்டும், "என் சாவுக்கு ஒரு மரியாதையே இல்லையா மேடம்?" என்று கேட்டார்.

பட்டியலைப் பாதி நான் மாற்றினேன், பாதி ரத்தினவேல். சனிக்கிழமை சாயங்காலம் அதைத் திறந்து பார்த்தபோது எனக்கே புல்லரித்தது. ஐக்கிய நாடுகள் சபையில் பிரேம் போட்டு மாட்டலாம்.

ஞாயிறு மத்தியானம் மூன்று மணி. திட்டம் எளிது. கல்லாவியிலிருந்து சிங்காரப்பேட்டை மண்டலம், அங்கிருந்து மூக்கண்டப்பள்ளி. ரத்தினவேல் முன்னாலேயே போய்ச் சிங்காரப்பேட்டையில் காவல் நின்றார். நான் மூக்கண்டப்பள்ளியில் என் குட்டிக் கப்பலோடு வரவேற்புக்கு. எல்லோர் காதிலும் ஹெட்போன்.

"வழி சொல்லவா?" என்று ரத்தினவேல் கேட்டார்.

"அவ்ளோ சுத்தமா பட்டியல் இருக்கும்போது பேச்சு எதுக்கு ரத்தினவேலு? வாயை மூடிக்கினு நில்லுங்க," என்றேன் நான். சொன்னேன், மறைக்கவில்லை.

"சரி, வாசலுக்குப் போறேன்," என்றாள் மாதேஸ்வரி.

பெரிய கப்பல் திரும்பவே முக்கால் நிமிடம் ஆகும். திரும்பியது. பாய்ந்தது. வாசலுக்குள் நுழைந்தது. அவ்வளவு எடை நுழைந்தால் வாசல் தாங்காது, பின்னாலேயே மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டது.

"அக்கா," என்றாள் மாதேஸ்வரி. "வானம் ஏன் பச்சையா இருக்குது?"

"பச்சையா?" ரத்தினவேலின் குரல். "இங்க செம்மண்ணு கலருங்க. நான் வாசல்லயேதான் நிக்கிறேன், நீ இன்னும் வரலியேம்மா. எங்க இருக்கிற?"

"லிஸ்ட்ல வாசல் மூக்கண்டப்பள்ளின்னு இருந்துது. நேரா போவுதே, எதுக்குச் சுத்தணும்னு அழுத்திட்டேன்."

கல்லாவியிலிருந்து மூக்கண்டப்பள்ளிக்கு நேர் வாசலே கிடையாது.

"ரத்தினவேலு, அந்தப் பேரு யாரு வச்சது?"

"நாந்தான் மேடம். எங்க போவுதுன்னு எழுதச் சொன்னீங்க இல்ல? அது மூக்கண்டப்பள்ளிதான் போவுது. நடுவுல அத்திப்பள்ளி வரும், அவ்ளோதான்."

"நடுவுல வர்றதை யாரு எழுதுறது?"

"நடுவுல வர்றதையெல்லாம் பஸ் போர்டுல எழுதுவாங்களா மேடம்? கடைசி ஸ்டாப்புதானே எழுதுவாங்க!"

நான் ஸ்டோர்ஸ்காரி, கதவைத் திறந்தால் அடுத்து எந்த அறை என்றுதான் எழுதுவேன். அவர் பதினெட்டு வருட பஸ்காரர். வண்டி எங்கே போய் நிற்கும் என்றுதான் எழுதுவார். இரண்டு பேரும் என் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதித்திருந்தோம். பதினான்கு பேருடைய சொத்தும் அத்திப்பள்ளியின் நடுமுற்றத்தில் நின்றுகொண்டிருந்தது.

"வந்துட்டானுங்க!" என்றாள் மாதேஸ்வரி.

நாலாயிரம் கப்பல்கள். எண்ணிப் பார்த்தால் நான்கு. ஆனால் அந்த நான்கும் நாலாயிரம் மாதிரிதான் சுட்டன.

"அங்கருந்து வெளிய வர வாசல் என்ன இருக்குது, படி!" என்று கத்தினேன்.

"ரெண்டு இருக்குது. வாசல் மூக்கண்டப்பள்ளி. இன்னொண்ணும் வாசல் மூக்கண்டப்பள்ளி."

"ரத்தினவேலு!"

"ரெண்டுமே அங்கதான் மேடம் போவுது! ஒண்ணு நேரா. இன்னொண்ணு ரெண்டு மண்டலம் சுத்திக்கினு. அந்தச் சுத்து வாசல்ல பெரிய கப்பல் நுழையாது, நம்ம குட்டிதான் நுழையும்."

"கவசம் போச்சு அக்கா," என்றாள் மாதேஸ்வரி. அவள் குரல் தாழ்ந்திருந்தது. லைனில் ரிஜெக்ட் விழும்போது வரும் குரல். "ஒண்ணு பக்கத்துல இருக்குது. ஒண்ணு ரொம்ப தூரம். நான் பக்கத்துல இருக்கிறதுக்கே போறேன்."

"இரு! ரத்தினவேலு, போர்டை விடுங்க. நீங்க ஓட்டிக்கினு போனதை அப்படியே சொல்லுங்க. இறங்குனீங்க, அப்புறம்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்லியிருப்பார்; குரலில் தெரிந்தது. "இறங்குனேன். கைக்கெட்டுற தூரத்துல ஒரு உடைஞ்ச ஸ்டேஷன். அதையொட்டி ஒரு வாசல். அதுல நுழைஞ்சா இருட்டு மண்டலம், அப்புறம் தூசி மண்டலம்... அது சுத்து! அதான் சுத்து! நேர் வாசல் தூரத்துல. வளையம் போட்ட கோளுக்குப் பின்னாடி. போயிச் சேர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சேன்."

"தூரத்துல இருக்கிறது மாதேசு! தூரத்துல இருக்கிறது!"

"ரெண்டும் ஒரே பேரு அக்கா, சுடச் சுட லிஸ்ட் குதிக்குது. எதை அழுத்துறேன்னே தெரியல. பேரை மாத்துங்க!"

"லிஸ்ட்ல தூரத்து வாசல் எது, மேலயா கீழயா?"

"கீழ!"

என் பட்டியலைத் திறந்தேன். விரல் பறந்தது. வகை, இடம், ஒரு சட்டமும் நினைவில் இல்லை. ஒரே மூச்சில் தட்டினேன். நான் மாற்றுவது அவள் திரையில் தெரியச் சில நொடிகள் பிடிக்கும். முப்பத்தோரு வருட சர்வீஸ் அந்தச் சில நொடிகளைவிடச் சின்னது.

"கப்பல் உடம்பு நாப்பது சதவீதம்," என்றாள். "முப்பத்திரெண்டு. அக்கா, எப்ப வரும்? இருவத்தஞ்சு... வந்துருச்சு!"

அவள் அழுத்தினாள். அந்தக் கப்பல் திரும்பிய அழகை என்னவென்று சொல்வது! நிறைமாத யானை லுங்கி டான்ஸ் ஆடியது போல. பதினெட்டு. பன்னிரண்டு. பாய்ந்தது. வளையம் போட்ட கோள் அவள் திரையை அடைத்துக்கொண்டு வந்ததாம். பின்னாலேயே நாலாயிரமும் துரத்தி வந்தன.

"ஒன்பது. வாசல் தெரியுது. ஏழு..."

நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன்.

என் திரையில், மூக்கண்டப்பள்ளியின் சாம்பல் வானத்தில், சுவர் கிழிந்தது போல ஒரு ஒளி. அதிலிருந்து முதலில் புகை வந்தது. புகைக்குப் பின்னால் மூக்கு. மூக்குக்குப் பின்னால் மலை. வாசல் அதன் பின்னாலேயே மூடிக்கொண்டது. நாலாயிரமும் அந்தப் பக்கம்.

நான் போட்ட கூச்சல் ஜூஜூவாடி செக்போஸ்ட் வரை கேட்டிருக்கும். அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் கோவிந்தப்பன் ஈரக் கையோடு ஓடி வந்தார்.

"என்னா ஆச்சு? யாருக்கு என்னா?"

"நாலு சதவீதம்!" என்றேன். "நாலு சதவீதத்துல வந்துட்டா!"

அவர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். ஹெட்போனில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அதற்குள் மாதேஸ்வரி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு குரலில், "'மாதேசு இதுல போடி'னு யாரு பேரு வச்சது?" என்று கேட்டாள்.

"சட்டம் போட்டவங்களேதான்," என்றார் ரத்தினவேல்.

"நீங்க ஒழுங்கா அடுத்த ஸ்டாப்பை எழுதியிருந்தா..."

"நீங்க என்னை வழி சொல்ல விட்டிருந்தா..."

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றாள் தலைவி. "கப்பல் வந்துருச்சு, நானும் எங்கியும் போவல. ஆனா இனிமே ஒரு பேரு வச்சா, இந்த விளையாட்டே தெரியாத ஒருத்தர்கிட்ட படிச்சுக் காட்டணும். 'இதை அழுத்துனா முதல்ல எங்க போய் நிப்பே'ன்னு கேக்கணும். சரியாச் சொன்னாத்தான் லிஸ்ட்ல சேரும். சரோஜாக்கா, உங்க வீட்ல யாரு இருக்காங்க?"

அப்படியாகக் கோவிந்தப்பனுக்கு ஹெட்போன் மாட்டினோம். ரத்தினவேல் முதல் பெயரைப் படித்தார்: "வாசல், அடுத்தது சிங்காரப்பேட்டை, கடைசி கல்லாவி."

"சிங்காரப்பேட்டையில நிப்பேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

"பாஸ்!" என்றாள் மாதேஸ்வரி.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னுடையதைப் படித்தேன்: "மறைவிடம், வடக்கு, மூணு."

"எந்த ஊரு வடக்கு?"

"அதெல்லாம் பார்த்தாலே தெரியும்."

"எனக்குத் தெரியலியே," என்றார் கோவிந்தப்பன், ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி, இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் நான் கண்டிராத ஒரு ஆனந்தத்தோடு. "ரிஜெக்ட். அடுத்தது படி."