ஏழாம் நம்பரின் குறைகள்

இரண்டரை மணிக்கு ஷிப்ட் முடிந்து நான் வெளியே வந்தபோது, மோகன்குமார் டீக்கடை பெஞ்சில் மூன்று பிஸ்கட்டுகளை வரிசையாக வைத்திருந்தான். மெயின்டனன்ஸில் ஃபிட்டர். காலையில் செல்போனில் அமெரிக்காக்காரர்கள் ஆடுகிற கூடைப்பந்தைப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவான். "இது நம்ம ஹரிணி. இது ஆனேக்கல் சுவாதி. இது மத்தூர் காலேஜ் பிரியா. நாலு பேரு முடிவாயிடுச்சு, ஒரு சீட்டுதான் இருக்குது. யாரை எடுக்கலாம், சொல்லுக்கா" என்றான். எங்கள் கம்பெனியில் பெண்கள் அணிக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஐந்து பேர். எல்லோருக்கும் ஒரு வருட வேலை ஆர்டர்தான், ஜூன் முப்பதோடு முடியும். காலையில் லைனில் வேலை, மதியத்துக்கு மேல் பயிற்சி. ஆர்டர் முடிந்தால் கம்பெனி மறுபடி எடுக்கலாம், அல்லது அந்தப் பிள்ளை வேறு கம்பெனிக்குப் போகலாம். அதனால் ஜூன் வந்துவிட்டால் இந்தக் கடையில் வேறு பேச்சே இருக்காது. அமெரிக்காவிலும் இந்த மாதத்தில் இதே பேச்சுதான் என்பான் மோகன்குமார். அதில் அவனுக்கு ஒரு பெருமை.

செக்யூரிட்டி மாடசாமி அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். அவருக்கு உயரம்தான் முக்கியம். "ஆறடி ஒரு அங்குலம் இருக்கா அந்தப் பிள்ள. நான் சொல்லுதேன், கூடைக்குக் கீழ சும்மா நின்னாலே போதும்" என்றார். மோகன்குமாரும் சுவாதி பக்கம்தான். பிரியாவுக்குப் பரிந்து பேச ஆள் இல்லை. பேச்சுவாக்கில் அவன் அந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டான். கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏனென்றால் நோட்டு என்னிடம் இருக்கிறது.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். மோல்டிங் ஷெட்டுக்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் நடுவில்தான் கோர்ட். தொரப்பள்ளி போகிற கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஐந்து வருடம் முன்பு பார்க்க ஆரம்பித்தேன். பெரியவளான பிறகு நான் ஓடியதெல்லாம் பஸ் பிடிக்கத்தான். அந்தப் பிள்ளைகள் அரைக்கால் டவுசரோடு யாருக்கும் பயப்படாமல் ஓடுவதைப் பார்த்தால் மனதுக்கு என்னமோ செய்தது. மேட்ச் இருந்தால் லீவு போட்டாவது போவேன். எழுதியும் வைத்தேன். பதினெட்டு வருடமாக நான் செய்வது இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பிளாஸ்டிக் பீஸை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கீறல், குமிழி, ஓரம் பிசிறு என்று ரிஜெக்‌ஷன் ஷீட்டில் போடவேண்டும். அதே மாதிரி கோடு கிழித்துத்தான் நோட்டும் எழுதினேன். தேதி, எதிர் அணி, ஜெர்சி நம்பர், கூடை போடாமல் விட்டது, பந்தைத் தவறவிட்டது, ஃபவுல்.

"நாலாவது குவார்ட்டர்ல ஹரிணி சரியில்ல" என்றேன் நான். "ரெண்டு வருஷமா இடது முட்டி சரியா மடங்கறதில்ல. இடப்பக்கம் போகவே மாட்டேங்கறா. ஃபைனல்ல ரெண்டு ஃப்ரீ த்ரோவும் விட்டா. ரெண்டு பாயின்ட்லதான் தோத்தோம்." சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. அண்ணாச்சி தலையை ஆட்டினார். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தது ஏழாம் நம்பர் ஜெர்சியைப் பற்றி. காலை பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைக்கிற ஹரிணியைப் பற்றி அல்ல. அப்படித்தான் நினைத்திருந்தேன். ஐந்து ஆர்டர் முடித்தவளுக்கு ஆறாவதாகக் கொடுப்பது பர்மனெண்ட் ஆர்டர். அவளுக்கு இது ஆறாவது. பர்மனெண்ட் ஆனதும் பாரூரிலிருந்து அம்மாவைக் கூட்டிவந்து, ஹாஸ்டலை விட்டு வீடு பார்க்கவேண்டும் என்று பஸ்ஸில் என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது என்று எந்தச் சாமி முன்னாலும் சொல்லமுடியாது.

எங்களுக்குப் பின்னால், அணிக்கு ஆள் எடுக்கிற ஸ்போர்ட்ஸ் ஆபீசர் டீ குடித்துக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் நோட்டோடு வரச்சொன்னார். அந்த ஆபீசில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தது அதுதான் முதல் தடவை. பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஏழாம் நம்பர் வருகிற இடங்களில் நிறுத்தி, செல்போனில் படம் எடுத்தார். "இவ்வளவு நுணுக்கமா கோச்சே எழுதறது இல்லம்மா" என்றார். எனக்கு டீ வந்தது, பீங்கான் கப்பில். குடித்தேன். எந்தெந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நானே எடுத்தும் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து நோட்டீஸ் போர்டில் பட்டியல் வந்தது. சுவாதி இருந்தாள், ஹரிணி இல்லை. மோகன்குமார் கேன்டீன் வரைக்கும் ஓடிவந்தான். "நம்ம பேச்சு மேல வரைக்கும் போயிருக்குதுக்கா, கப்பு நமக்குத்தான்" என்றான். நான் சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். இந்தத் தடவை யாரும் நாற்காலி போடவில்லை.

"சார், அந்த நோட்டுல அவ நல்லா ஆடினது இல்லைங்க சார்."

"ஏம்மா, எழுதலயா?"

"எழுதற பழக்கம் இல்லைங்க சார்."

எங்கள் வேலையில் நல்ல பீஸுக்கு எழுத்து கிடையாது. அது பெட்டிக்குள் போய்விடும். குறைக்குத்தான் கட்டம். ஹரிணி இடப்பக்கம் போகமுடியாமல் போன பிறகு, நாலு பேரைத் தன் மேல் இழுத்துக்கொண்டு பின்னாலிருக்கிற பிள்ளைக்குப் பந்தைத் தள்ளிவிடக் கற்றுக்கொண்டாள். அதில் எத்தனை கூடை விழுந்திருக்கும். அந்த ஃபைனலையே எட்டு பாயின்ட் பின்னாலிருந்து இழுத்து வந்தது அவள்தான். எல்லாவற்றையும் பார்த்து, தொண்டை கட்டும் வரை கத்தியவள் நான். எழுதவேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இதையெல்லாம் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அதை மறுக்கமுடியாது. பிறகு சொன்னார்: "ஆறாவது ஆர்டரை நிறுத்தணும்னா காரணம் கேப்பாங்க. எழுத்துல இருக்கறதத்தான்மா நான் அனுப்பமுடியும். இருந்தது அதுதான்."

அதற்கப்புறம் ஹரிணி கண்ணில் படாமலிருக்க, கம்பெனி பஸ்ஸை விட்டு முன்வாசல் வழியாகப் போய் டவுன் பஸ் பிடித்தேன். கேவலம்தான். பதினோரு நாள் அப்படி ஓட்டினேன்.

முப்பதாம் தேதி மதியம், மோல்டிங் ஷெட் கதவருகிலேயே நின்றிருந்தாள். ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது, கழுத்தில் இல்லை. தோளில் பை. "என்னாக்கா, ஆளையே காணோம். உங்களுக்காகத்தான் நிக்கறேன்" என்றாள். அழுத முகமாகத் தெரியவில்லை. சேர்ந்து கம்பெனி பஸ் வரைக்கும் நடந்தோம். கோர்ட்டில் புதிதாக வந்த சுவாதி தனியாகப் பந்து தட்டிக்கொண்டிருந்தாள். ஹரிணி அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

"சூளகிரி பக்கம் ஒரு கம்பெனில டீம் ஆரம்பிக்கறாங்களாம்க்கா. நாளைக்கு வரச்சொன்னாங்க. முட்டி பத்தி அவங்களுக்கும் யாரோ சொல்லியிருக்காங்க. இதுவரைக்கும் என்ன ஆடினேன்னு ஏதாவது ரெக்கார்டு இருந்தா கொண்டு வான்னாங்க. கோச்சுக்கிட்ட ஒண்ணுமில்ல." பையை மறு தோளுக்கு மாற்றினாள். "நீங்க அஞ்சு வருஷமா எழுதறீங்களே. என் ஆட்டத்தை எழுதி வச்ச ஒரே ஆள் நீங்கதான்க்கா. ரெண்டு நாளைக்குக் குடுங்க, பத்திரமாத் தரேன்."

நோட்டு என் பையில்தான் இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் இருக்கிறது, எலி கடித்துவிட்டது, என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். கை தானாகப் பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தது. ஒருவேளை நானும், அவள் பிரித்தால் வேறு ஏதாவது இருக்கும் என்று நம்பினேனோ என்னமோ. அவள் பஸ் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே பிரித்தாள். முதல் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள். நாலு பக்கம் தள்ளினாள், இன்னும் நாலு. ஷிப்ட் முடிந்த பிள்ளைகள் அவளை விலக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்கள்.

"நான் குடுத்த பாஸெல்லாம் எந்தப் பக்கம்க்கா இருக்குது?"

"எழுதலம்மா" என்றேன். பிறகு, அவள் முகத்தைப் பார்த்தால் முடியாது என்பதால் பஸ் டயரைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னேன். "அந்த ஆபீசருக்கு இதைக் காட்டினது நான்தான். என் கையாலதான் குடுத்தேன். உக்காந்து டீ குடிச்சிட்டுக் குடுத்தேன், ஹரிணி."

ஏழாம் நம்பர் கட்டத்தின் மேல் அவள் வைத்திருந்த விரல் நின்றது. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். உள்ளேயிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் நிமிரவில்லை. அந்த விரல் மெதுவாக அடுத்த வரிக்கு இறங்கியது. அங்கிருந்து அதற்கடுத்த வரிக்கு.